கலைச்சொல் விவாதம்: எண்முகிகள் சேருமிடம் 'பிணைப்பா', 'பொதுவா'?

அன்புடையீர், வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ஊரின் சனிக்கிழமை வகுப்புக்கான படிகவியல் கையேட்டில் மூன்று சொற்கள் முடிவாகவில்லை. இரண்டு பன்முகிகள் (நடுவில் ஓர் அயனி, உச்சிகளில் ஆக்சிஜன்கள் என்று வரையும் திண்ம வடிவங்கள்; முகங்கள் நான்கானால் நான்முகி, எட்டானால் எண்முகி) ஓர் உச்சியில் சேர்வது, ஒரு விளிம்பில் சேர்வது, ஒரு முகத்தில் சேர்வது. வரைவில் இருப்பவை: முனைப்பிணைப்பு, விளிம்புப்பிணைப்பு, முகப்பிணைப்பு. 'தொடுப்பு' என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். பூத்தொடுப்பதுபோல் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பேச்சுவழக்கில் அதற்கு வேறு பொருள் இருப்பதால் வகுப்பில் சொல்ல முடியாது.

---

> வரைவில் இருப்பவை: முனைப்பிணைப்பு...

ஐயா, 'பிணைப்பு' கூடவே கூடாது. அது அணுவுக்கும் அணுவுக்கும் இடையிலுள்ளதற்கு உரிய சொல். முனைப்பிணைப்பு என்று படிக்கும் மாணவர், இந்த எண்முகியின் ஆக்சிஜனிலிருந்து அந்த எண்முகியின் ஆக்சிஜனுக்குக் கோடு போடுவார். அங்கே இருப்பது ஒரே ஆக்சிஜன், இரண்டுக்கும் சொந்தம். விளிம்பானால் இரண்டு, முகமானால் மூன்று. 'முனை'யும் இடைஞ்சல்தான்: மின்முனை, முனைவுத்தன்மை என்று வேதியியலில் அது ஏற்கெனவே வேலையில் இருக்கிறது.

என் பரிந்துரை: பொதுவுச்சி, பொதுவிளிம்பு, பொதுமுகம். லயத்து வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதை எண்ணும்போது இரண்டு சுவராக எண்ணமாட்டோம். தாதுவின் வேதி வாய்பாடு சரியாக வருவதும் இந்தக் கணக்கால்தான். குவார்ட்சில் ஒவ்வொரு சிலிக்கனைச் சுற்றியும் நான்கு ஆக்சிஜன், ஒவ்வொன்றும் இரண்டு நான்முகிகளுக்குப் பொது: நான்கில் பாதி, சிலிக்கன் ஒன்றுக்கு ஆக்சிஜன் இரண்டு. கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயத் தாதுவான கேசிட்டரைட்டில் ஆறு ஆக்சிஜன், ஒவ்வொன்றும் மூன்று எண்முகிகளுக்குப் பொது: ஆறை மூன்றால் வகுத்தால் மறுபடியும் இரண்டு. (ஊரில் 'ஈயம்' என்றாலும் கையேட்டில் வெள்ளீயம் என்றே இருக்கட்டும், ஈயம் வேறு தனிமம்.)

---

அம்மா சொன்ன கணக்கு சரி. ஒரே தயக்கம்: 'பொதுவிளிம்பு' என்றால் 'பொதுவான ஒரு விளிம்பு, ஏதோ ஒன்று' என்று படித்துவிடுவார்களோ? அதனால் முதல் தடவை 'இரண்டுக்கும் பொதுவான விளிம்பு' என்று விரித்துவிட்டு, பிறகு சுருக்கலாம். 'பகிர்வு' வேண்டாம், எலக்ட்ரான் பகிர்வோடு குழம்பும்.

சொல்லோடு ஒரு செய்முறையும் போடுங்கள். மணிலா அட்டையில் 4 செ.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணங்கள் எட்டைக் கொண்டு ஓர் எண்முகி, இரண்டு செய்யுங்கள். மையங்கள் ஒரே கோட்டில் வரும்படி உச்சியோடு உச்சி வைத்தால் மையத்துக்கு மையம் 5.66 செ.மீ. விளிம்போடு விளிம்பு, 4 செ.மீ. முகத்தோடு முகம், 3.27 செ.மீ. விகிதம் 1, 0.71, 0.58. நான்முகியில் சரிவு இன்னும் கடுமை: 1, 0.58, 0.33. உள்ளே நேர்மின் அயனிகள் இருப்பதால் நெருங்க நெருங்க விலக்கம் கூடும். 1929இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங், அயனிப் படிகங்களுக்கான தம் விதிகளில் மூன்றாவதாகச் சொன்னது இதைத்தான்: பொதுவிளிம்பும், அதைவிடப் பொதுமுகமும், கட்டமைப்பின் நிலைப்பைக் குறைக்கும். சிலிக்கேட்டுகள் பொதுவுச்சியோடு நிற்பதும் அதனால்தான்.

வழக்கமாகப் பிசகும் இடம் ஒன்று. அட்டை விகிதத்தைத் தாதுவில் அப்படியே தேடினால் கிடைக்காது. கேசிட்டரைட்டில் பொதுவிளிம்பின் குறுக்கே வெள்ளீயத்துக்கு வெள்ளீயம் 3.19 ஆங்ஸ்ட்ராம் (ஒரு செ.மீ.யில் பத்துக் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்), பொதுவுச்சி வழியே 3.71. விகிதம் 0.86. காரணம் இரண்டு. உச்சியில் எண்முகிகள் நேராக நிற்காமல் மடங்கியிருக்கின்றன. பொதுவிளிம்பும் சுருங்கியிருக்கிறது: அதன் இரண்டு ஆக்சிஜன்களுக்கு இடையே 2.59 ஆங்ஸ்ட்ராம்தான், மற்ற விளிம்புகள் 2.90, 3.19. விலகப் பார்க்கும் இரண்டு நேர்மின் அயனிகளுக்கு நடுவே அவை நெருங்கித் திரையாக நிற்கின்றன.

பொதுமுகத்துக்கு எடுத்துக்காட்டு அமாங்கிலேயே (வெள்ளீயத் தாதுவைப் பிரித்தபின் மிஞ்சும் கனமணல்) இருக்கிறது: இல்மனைட். இரும்பு எண்முகியும் டைட்டானியம் எண்முகியும் ஒரு முகத்தில் சேர்ந்த இணை.

---

ஏற்கிறேன். ஆக்கச் சொற்களும் தடையில்லாமல் வருகின்றன: கேசிட்டரைட்டுக்குப் 'பொதுவிளிம்புச் சங்கிலி', குவார்ட்சுக்குப் 'பொதுவுச்சிச் சட்டகம்', இல்மனைட்டுக்குப் 'பொதுமுக இணை'. கையேட்டு வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "கேசிட்டரைட்டில் எண்முகிகள் பொதுவிளிம்புச் சங்கிலிகளாக ஓடுகின்றன; பக்கத்துச் சங்கிலிகள் பொதுவுச்சிகளில் சேர்கின்றன." மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.