'ஷெரி' (2009) பார்த்தேன். கடைசியில் ஏமாந்த மாதிரி இருந்தது எனக்கு மட்டும்தானா?

அரைத்தூக்கம்:
நேற்று ராத்திரி ஸ்டீபன் ஃப்ரியர்ஸ் இயக்கிய 'ஷெரி' பார்த்து முடித்தேன். முதல் உலகப் போருக்கு முந்தைய பாரிஸ், தொழிலை விட்டு ஒதுங்கலாம் என்று நினைக்கும் லேயா என்ற கணிகை (மிஷெல் ஃபைஃபர்), அவளுடைய பழைய போட்டியாளர் மேடம் பெலூவின் மகன் ஷெரி. கொஞ்ச நாள் விளையாட்டு என்று ஆரம்பித்தது 6 வருஷம் ஓடுகிறது, அப்புறம் அம்மாக்காரி இன்னொரு கணிகையின் மகளைப் பார்த்து அவனுக்குக் கல்யாணம் முடித்துவிடுகிறாள். தொப்பி, முத்துமாலை, தோட்டம், கண்ணாடிக்கூரை என்று எங்கே பார்த்தாலும் கண்ணுக்கு விருந்துதான், ஆனால் முக்கால்வாசிப் படம் வரைக்கும் எனக்கு மனசில் ஒன்றுமே ஒட்டவில்லை. கடைசியில் லேயா கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாளே, அங்கே தொண்டை அடைத்துவிட்டது. சரி, இப்போதாவது படம் என்னைப் பிடித்தது என்று நினைக்கிறேன், உடனே பின்னணிக் குரல் வந்து ஒரு பெரிய சாவைக் கணக்குப்பிள்ளை மாதிரிப் படித்துவிட்டுப் போய்விடுகிறது. என்னங்க இது? குறை என்னிடமா, படத்திடமா?

பட்டுநூல்:
படத்திடம்தான், சந்தேகமே வேண்டாம். அந்த ஜோடிக்குள் சூடே இல்லை. ஷெரியாக வரும் ரூபர்ட் ஃப்ரெண்ட் அழகாகச் சோம்பல் முறிக்கிறார், அவ்வளவுதான். ஃபைஃபருக்கு அப்போது 50 வயது ஒட்டி, ஆனாலும் அவர் கழுத்தைத் தடவிப் பார்த்து வருத்தப்படும்போது 'உங்களுக்கு என்னம்மா குறைச்சல்' என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. இதே இயக்குநர், இதே திரைக்கதையாசிரியர் கிறிஸ்டோபர் ஹாம்ப்டன், இதே ஃபைஃபர் 1988இல் 'டேஞ்சரஸ் லையசான்ஸ்' தந்தார்கள். அதில் பட்டாடைக்குள் கத்தி இருந்தது, இதில் பட்டாடைக்குள் இன்னொரு பட்டாடை.

மாடிப்படி:
எனக்குப் பிடித்தது, கொஞ்சம் வெட்கத்தோடு சொல்கிறேன். லேயாவின் வீட்டுக்காகவே இரண்டு தடவை பார்த்தேன். அது செட் இல்லை, பாரிஸ் மெட்ரோ வாசல்களுக்கு அந்தக் கொடி மாதிரி வளையும் இரும்பு வேலையைச் செய்த எக்டர் கிமார் கட்டிய ஓட்டல் மெசாரா. பேரில்தான் ஓட்டல், உண்மையில் ஒரு பணக்காரர் வீடு. அந்தப் படிக்கட்டு வளைவைப் பாருங்கள்.

அப்புறம், படத்தில் உயிர் காதலர்களிடம் இல்லை, மேடம் பெலூவாக வரும் கேத்தி பேட்ஸிடம் இருக்கிறது. லேயாவை முகர்ந்து பார்த்து, சருமம் கொஞ்சம் தளர்ந்தால் வாசனை நன்றாகத் தங்கும் இல்லையா என்று தேன் தடவிக் குத்துவாரே, அந்த ஒரு இடம் போதும். மாதவியின் அம்மா சித்திராபதி நினைவுக்கு வந்தாள், அதே கறார், அதே வியாபாரக் கண். படத்தில் வரும் இந்தக் கணிகைகளுக்கு வேறு போக்கிடமும் கிடையாது, கௌரவமான வீடுகளில் கதவு திறக்காது, அதனால் ஒருத்தியை ஒருத்தி சகிக்காமலும் பிரியாமலும் உட்கார்ந்து சீட்டு விளையாடுகிறார்கள். நிஜத்தில் அந்தக் காலத்துப் பாரிஸ் கணிகை லியான் டி புஜி 1910இல் ஒரு ருமேனிய இளவரசரைக் கட்டிக்கொண்டார். இன்னொரு கணிகை லா பெல் ஒத்தேரோ சம்பாதித்ததையெல்லாம் சூதாட்ட மேஜையில் விட்டுவிட்டு 1965இல் நீஸ் நகரில் வறுமையில் இறந்தார். லேயா பணத்தைப் பத்திரமாகப் பிடித்து வைத்தவள், அவள் தொலைத்தது வேறு.

பழைய பேப்பர்:
இந்தப் படத்துக்கு மூலமான, பிரெஞ்சு எழுத்தாளர் கொலெத்தின் நாவல்கள் இரண்டையும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன் (கதை முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்). உங்களை ஏமாற்றியது கண்ணாடிக் காட்சி இல்லை, அதற்குப் பிறகு வரும் அந்த ஒரு வாக்கியம்தான்.

முதல் நாவல் 1920. அதில் கடைசிக் காலையில் ஷெரி தூங்குவது போல் நடித்துக்கொண்டு இமை இடுக்கு வழியாகப் பார்க்கிறான். லேயா இன்னும் பவுடர் போடவில்லை, கூந்தல் ஒரு சின்ன முடிச்சு, இரட்டைத் தாடை. அவளோ இரண்டு பேரும் ஊரை விட்டுப் போவதற்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாள். கடைசியில் அவளேதான் அவனைப் போகச் சொல்கிறாள். கண்ணாடியில் மூச்சிரைக்கும் ஒரு கிழவி தெரிகிறாள், இந்தப் பைத்தியக்காரிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறாள். கீழே முற்றத்தில் அவன், சிறையிலிருந்து தப்பியவன் மாதிரி நெஞ்சு நிறையக் காற்றை இழுக்கிறான்.

படம் ஒரு வாக்கியத்தில் அடக்கியது 1926இல் வந்த இரண்டாவது நாவலை முழுசாக. போர் முடிந்து திரும்பி வந்தவன் லேயாவைத் தேடிப் போகிறான். அவள் நன்றாகப் பெருத்து, நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு ஜம்மென்று இருக்கிறாள். வயதைச் சட்டை மாற்றுவது போல் மாற்றிக்கொண்டாள். அவனால்தான் தாங்க முடியவில்லை, அவளுடைய பழைய புகைப்படங்கள் சூழ்ந்த அறையில் சுட்டுக்கொள்கிறான்.

இன்னொன்று, முதல் நாவல் வந்த அதே 1920இல்தான் கொலெத்துக்கும் அவர் கணவரின் மகனுக்கும் உறவு தொடங்கியது. அவருக்கு 47, பையனுக்கு 16. எழுதியது முந்தி, வாழ்ந்தது பிந்தி.

அரைத்தூக்கம்:
அடப்பாவிகளா, அந்தக் குண்டு லேயாவையல்லவா நான் பார்த்திருக்க வேண்டும்! அதையும் ஃபைஃபரே செய்து பார்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும். கடைசிப் பத்து நிமிடத்தை இப்போது மறுபடி ஓட்டினேன், இந்தத் தடவை குரல் ஆரம்பித்ததும் சத்தத்தைக் குறைத்துவிட்டு முகத்தை மட்டும் பார்த்தேன். பட்டுநூல், மன்னிக்கவும், அந்த முகத்தில் கத்தி இருக்கிறது.

பட்டுநூல்:
அந்த ஒரு ஷாட் சரி. மிச்சம் ஒன்றரை மணி நேரத்துக்கு நான் மாற மாட்டேன்.