‘சார்ஜ்’ வந்தாலே ‘கட்டணம்’ என்று போட்டுவிடலாமா?

நிலாமுற்றம் கேட்டது:

சப்டைட்டில், கம்பெனி ஆவணம், செய்தி எல்லாம் கலந்து வரும் மொழிபெயர்ப்பு வேலை. ‘சார்ஜ்’ என்ற ஒரு சொல்தான் படுத்தி எடுக்கிறது. மென்பொருள் எல்லா இடத்திலும் ‘கட்டணம்’ என்று நிரப்பி வைக்கிறது. ‘ஆயாவும் அவளுடைய இளம் கட்டணங்களும்’ என்று ஒரு வரி, ‘கட்டணத்தின் திருப்தி’ என்று இன்னொன்று. அகராதியைத் திறந்தால் பொருள்கள் வரிசையாக நிற்கின்றன. எதை எங்கே எடுப்பது என்பதுதான் இல்லை. வாக்கியத்தைப் பார்த்ததும் பொருளைப் பிடிக்க ஏதாவது வழி உண்டா? ஃபீ, ஃபேர், டோல் எல்லாம் இதிலிருந்து எங்கே பிரிகின்றன என்றும் சொன்னால் நல்லது.

---

ஏட்டுச்சுரை:

அகராதிக்குப் போகும் முன் சார்ஜுக்குப் பின்னால் ஒட்டும் சின்னச் சொல்லைப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடியும்.

‘ஃபார்’ வந்தால் பணம். ‘டு’ வந்தாலும் பணம்தான், ஆனால் கையில் வாங்குவதில்லை, கணக்கில் எழுதுவது: ‘சார்ஜ் இட் டு மை ரூம்’ என்றால் ‘என் அறைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்’. ‘அட்’ வந்தால் பாய்வது. காளை ஆள் மேல் பாய்கிறது. ‘வித்’ வந்தால்தான் நின்று பார்க்க வேண்டும். ‘சார்ஜ்டு வித் மர்டர்’ என்றால் கொலைக் குற்றம் சுமத்தப்பட்டது. ‘சார்ஜ்டு வித் டிராஃப்டிங் த ரிப்போர்ட்’ என்றால் அறிக்கை எழுதும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. ‘வித்’துக்குப் பிறகு வருவது குற்றத்தின் பெயரா, செய்ய வேண்டிய வேலையா என்று பார்த்தால் போதும்.

‘இன் சார்ஜ் ஆஃப்’, ‘இன் த சார்ஜ் ஆஃப்’ இரண்டையும் குழப்பாதீர்கள். நடுவில் ஒரு ‘த’ நுழைந்தால் ஆள் தலைகீழாகிவிடுவார். முன்னது பொறுப்பாளர், பின்னது இன்னொருவர் பொறுப்பில் இருப்பவர். உங்கள் ஆயா வரியும் இந்த வகைதான். ‘ஹர் யங் சார்ஜஸ்’ என்றால் ‘அவள் பொறுப்பில் இருக்கும் குழந்தைகள்’. சப்டைட்டிலில் இடம் கிடைக்காது, ‘அவள் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள்’ என்றே போடலாம்.

பின்னால் எதுவும் ஒட்டாமல் நேராகப் பொருள் வந்தால் பெரும்பாலும் நிரப்புவது: பேட்டரி, பழைய துப்பாக்கி, விருந்தில் கோப்பை. பிரிட்டிஷ் விருந்துக் காட்சியில் ‘சார்ஜ் யுவர் கிளாசஸ்’ என்று கேட்டால் மூக்குக்கண்ணாடிக்குப் போய்விடாதீர்கள். வாழ்த்துச் சொல்லிக் குடிப்பதற்குமுன் கோப்பையை நிரப்பச் சொல்கிறார்கள்.

இத்தனைக்கும் வேர் ஒன்றே. வண்டியில் சுமை ஏற்றுவதைக் குறித்த லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. கார்கோவும் கேரியும் அதன் உறவுக்காரர்கள். எது எதன் மேல் ஏறுகிறது என்று கேட்டுப் பாருங்கள். குற்றத்தைச் ‘சுமத்துகிறோம்’, பொறுப்பை ‘ஏற்கிறோம்’, மின்சாரத்தை ‘ஏற்றுகிறோம்’. தமிழ் வினை தானாக வந்து நிற்கும். பாய்வது மட்டும்தான் இந்தக் கணக்கில் நேராக உட்காராது.

---

படிக்கட்டு_நீதி:

செய்தியில் அதிகம் தவறுவது குற்ற வழக்கில்தான், அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

‘அக்யூஸ்’ செய்ய யாராலும் முடியும். பக்கத்து வீட்டுக்காரரே போதும். ‘சார்ஜ்’ அதிகாரபூர்வமானது. இந்தியாவில் அதற்கு இரண்டு படி. போலீஸ் விசாரணை முடித்துத் தருவது குற்றப்பத்திரிகை (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173ஆவது பிரிவு; 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 193). அதைப் படித்து நீதிமன்றம் செய்வது குற்றச்சாட்டு வனைதல். ‘சார்ஜ்ஷீட் ஃபைல்டு’ முதல் படி, ‘சார்ஜஸ் ஃபிரேம்டு’ இரண்டாம் படி. இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி இருக்கலாம். இரண்டையும் ‘குற்றப்பத்திரிகை தாக்கல்’ என்று எழுதினால் வழக்கு எங்கே நிற்கிறது என்பதே தவறாகிவிடும்.

லண்டன் செய்தியில் ‘சார்ஜ்டு’ என்று வந்தால் குற்றப்பத்திரிகை என்ற சொல்லையே எடுக்காதீர்கள். அங்கே நடைமுறை வேறு. கைதான சில மணி நேரத்திலேயேகூட அது நடக்கும். ‘குற்றம் சுமத்தப்பட்டது’ என்பது எந்த நாட்டுக்கும் பொருந்தும். எந்தக் கட்டத்திலும் ‘குற்றவாளி’ வேண்டாம், அது தீர்ப்புக்குப் பிறகு.

‘டிஸ்சார்ஜ்’ இன்னொரு பொறி. வனையும் கட்டத்திலேயே போதிய ஆதாரம் இல்லை என்று வெளியே விடுவது விடுவிப்பு. முழு விசாரணைக்குப் பின் வருவது விடுதலை, ஆங்கிலத்தில் அது ‘அக்விட்டல்’. ‘டிஸ்சார்ஜ்’ என்று இருந்தால் ‘விடுதலை’ என்று எழுதக் கூடாது.

---

மின்கம்பி:

மின்சாரத்தில் தமிழ்நாட்டுப் பாடநூல் சொல் மின்னூட்டம். இலங்கைப் பாடநூலில் ஏற்றம், மின்னேற்றம். வாசகர் எங்கே என்று பார்த்து எடுங்கள். ‘மின்சுமை’ வேண்டாம், அது ‘லோட்’ என்ற பொருளுக்குப் போய்விட்டது.

ஃபோன் பேட்டரியில் போட்டிருக்கும் 5000 எம்ஏஎச் சார்ஜின் அளவுதான்: 5 ஆம்பியர் மணி, அதாவது 18,000 கூலோம். அதை ‘ஆற்றல்’ என்று மொழிபெயர்த்தால் தவறு. ஆற்றலுக்கு வோல்ட்டேஜால் பெருக்க வேண்டும், 3.7 வோல்ட் என்றால் 18.5 வாட் மணி.

ஏசி கையேட்டில் ‘ரெஃப்ரிஜரன்ட் சார்ஜ்: 800 கிராம்’ என்றால் நிரப்ப வேண்டிய கேஸின் எடை. அங்கே ‘கட்டணம்’ என்று விழுந்தால் மெக்கானிக் எவ்வளவு நிரப்புவது என்று தெரியாமல் நிற்பார். அடுத்த வரியில் ‘சார்ஜ் ஆஸ் லிக்விட்’ என்று இருந்தால் ‘திரவ நிலையில் ஏற்றவும்’. ஆர்-410ஏ கலவை வாயு, ஆவியாக ஏற்றினால் கலவையின் விகிதம் மாறக்கூடும். அந்த வரியை விட்டுவிடாதீர்கள்.

---

நிலாமுற்றம்:

‘வித்’ விஷயம் தெளிவாகிவிட்டது. பணப் பக்கம்தான் பாக்கி. அந்தக் ‘கட்டணத்தின் திருப்தி’ என்னவென்றும் இன்னும் புரியவில்லை.

---

செட்டிநாட்டுக்_கணக்கு:

முதலில் திருப்தி. அது கம்பெனிச் சட்டச் சொல். வங்கிக் கடனுக்கு ஈடாகக் கம்பெனியின் சொத்து மேல் ஏற்படும் உரிமைதான் அங்கே ‘சார்ஜ்’. 2013 சட்டப்படி ஏற்பட்ட 30 நாளுக்குள் பதிய வேண்டும், படிவம் சிஎச்ஜி-1. கடனை அடைத்ததும் அதை நீக்கப் போடும் படிவம் சிஎச்ஜி-4. அதுதான் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன் ஆஃப் சார்ஜ்’. ‘கடன் தீர்ந்து பிணை நீங்கியது’ என்று எழுதுங்கள். ‘அடமானம்’ என்று சுருக்காதீர்கள், மார்ட்கேஜ் தனி.

பணத்தில் ‘சார்ஜ்’ என்பது பெரும்பாலும் ஒரு சேவைக்கோ, விலைக்கு மேல் சேரும் தொகைக்கோ. மருத்துவர், தேர்வு, பதிவு என்றால் ஃபீ. வண்டியில் ஏறினால் ஃபேர். நாம் ‘பஸ் சார்ஜ்’ என்று பேசினாலும் ஆங்கிலத்தில் எழுதும்போது அது ஃபேர்தான். சாலை, பாலம் என்றால் டோல், சுங்கம். தண்டனையாக வாங்கினால் ஃபைன், அபராதம்.

தமிழில் எல்லாவற்றையும் ‘கட்டணம்’ என்று மூடாதீர்கள், நம்மிடம் ‘கூலி’ இருக்கிறது. நகைக்கடை பில்லில் ‘மேக்கிங் சார்ஜ்’ செய்கூலி. பக்கத்தில் வரும் ‘வேஸ்டேஜ்’ சேதாரம். ‘ஸ்டிச்சிங் சார்ஜ்’ தையல் கூலி, ‘லோடிங் சார்ஜ்’ ஏற்றுக்கூலி. ஆள் உழைப்புக்குக் கூலி, நிறுவனம் விதிப்பதற்குக் கட்டணம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. மின் பில்லில் ‘ஃபிக்ஸ்டு சார்ஜ்’ நிலைக் கட்டணம். ‘டிமாண்ட் சார்ஜ்’ கேட்புக் கட்டணம்: ஓடிய யூனிட்டுக்கு அல்ல, ஒரே நேரத்தில் இழுக்கும் மின்திறனுக்கு, கேவிஏ கணக்கில் வருவது.

கடைசியாக ஒன்று. ‘அடிஷனல் சார்ஜஸ் அப்ளை’ என்றால் கூடுதல் கட்டணம் உண்டு. ‘ஹோல்ட்ஸ் அடிஷனல் சார்ஜ்’ என்றால் அந்த அதிகாரி இன்னொரு பதவியையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். அரசுக் கடிதத்தில் ‘சார்ஜ் மெமோ’ என்றால் பணமும் இல்லை, பதவியும் இல்லை, குற்றச்சாட்டுக் குறிப்பாணை.