மறுமொழி: ட்ரஸ் ராடுக்கு ‘நிமிர்கோல்’ சரிவருமா?

அண்ணா, வணக்கம். கிட்டார் கழுத்துக்குள் பொதிந்திருந்து அது வளையாமல் காக்கும் இரும்புக் கோல்தான் ட்ரஸ் ராடு. அதற்குத் தமிழில் ‘நிமிர்கோல்’ என்றேன், நீங்கள் இப்படி எழுதியிருந்தீர்கள்:

> ‘தாங்குகம்பி’ என்றே வைத்துக்கொள்ளலாம். கைமரம் கூரையைத் தாங்குவதுபோல அது கழுத்தைத் தாங்குகிறது.

பொருள் ஒத்துவருகிறது, மறுக்கவில்லை. ஆனால் கிட்டாரில் கம்பி என்றால் வாசிக்கிற கம்பிதான் நினைவுக்கு வரும். போன மழைக்காலத்தில் பெகு ஊரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். ஈரத்தில் கழுத்து முன்பக்கம் வளைந்துவிட்டதாம். “கழுத்துக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கு, நிமிர்ந்துவிடும்” என்றேன். அவன் ஆறு கம்பிகளையும் முறுக்கியிருக்கிறான். கம்பி இறுக இறுகக் கழுத்து இன்னும்தானே வளையும்? நிமிரவில்லையே என்று மேலும் மேலும் திருகியதில் மெல்லிய கம்பி பட்டென்று அறுந்து கையில் அடித்துவிட்டது. தப்பு அவனுடையது இல்லை, நான் சொன்ன சொல்லுடையது.

சரி, ‘தண்டு’? அதுவும் ஒத்துவராது. வீணையில் கழுத்துப் பகுதிக்கே தண்டி என்றுதான் பெயர். மெட்டு (ஃப்ரெட்), குதிரை (பிரிட்ஜ்) எல்லாம் வீணையிலிருந்து கிட்டாருக்கு எடுத்து ஆள்கிறோம். அதே வீணைச் சொல்லை இதற்கு மட்டும் வேறு பொருளில் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

அந்த இரும்பு செய்யும் வேலையைப் பாருங்கள். உருக்குக் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டாரில் ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அந்த இழுப்பில் குனியும் கழுத்தை உள்ளிருந்து நிமிர்த்துவதுதான் அதன் வேலை. கிப்ஸன் கிட்டார் நிறுவனத்தில் இருந்த தாடியஸ் மெக்ஹியூ திருகிச் சரிசெய்யும் வகைக்கு 1921-ல் விண்ணப்பித்து 1923-ல் காப்புரிமை பெற்றதும் இதற்காகத்தான். நைலான் கம்பிக் கிட்டார்களில் இழுப்பு குறைவு, பெரும்பாலும் இது இருக்காது.

அதனால்தான் நிமிர்கோல். ஊன்றுகோல், நெம்புகோல் வரிசையில் இதுவும் தானாக உட்கார்ந்துகொள்கிறது. இருபக்கமும் வேலை செய்கிற ராடுக்குப் பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். பின்னால் வளைந்த கழுத்தும் நிமிரத்தானே வேண்டும்? பொருந்தும்.

அடுத்து, அதைத் திருப்பும் கருவி. ‘அறுகோணச் சாவி’ என்று நீங்கள் எழுதியதில் ‘சாவி’ எனக்குப் பிடித்திருக்கிறது. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறோம், பொம்மைக்குச் சாவி கொடுக்கிறோம். ‘அறுகோணம்’தான் உதைக்கிறது. இன்றைய ஃபெண்டர் கிட்டார் பலவற்றில் 1/8 அங்குல ஆலன் கீ, அதாவது துளைக்குள் செருகும் அறுகோணக் கம்பிச் சாவி. கிப்ஸனில் 5/16 அங்குல நட்டை மேலிருந்து கவ்வுகிற குழாய்ச் சாவி. ஐபனேஸ் பலவற்றில் அதுவே 7 மி.மீ. மார்ட்டின் அக்கூஸ்டிக்கில் ஓசைத் துளைக்குள் நீட்டுகிற நீளமான 5 மி.மீ. ஆலன் கீ. பழைய ஃபெண்டர் வகையில் கழுத்தையே கழற்றித் திருப்புளி போட வேண்டும். மியூசிக் மேனில் துளைகள் உள்ள சிறு சக்கரம். ஏதாவது ஒரு குச்சியைச் செருகித் தள்ளினால் திரும்பும், சாவியே வேண்டாம். பெயரில் வடிவத்தைச் சேர்த்தால் பல கிட்டார்களுக்குப் பொருந்தாமல் போய்விடும். ‘நிமிர்கோல் சாவி’ போதும். வடிவமும் அளவும் பக்கத்தில் எண்ணாக வரட்டும்.

எண் கட்டாயம் வர வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. யாங்கோனில் நான் வாங்கி வைத்திருந்த ஆலன் கீ செட் முழுக்க மில்லிமீட்டர். 1/8 அங்குலம் என்பது 3.175 மி.மீ. ஒரு எலக்ட்ரிக்கில் 3 மி.மீ. சாவியைப் போட்டேன், லேசாக ஆடியது, பரவாயில்லை என்று திருப்பினேன். முதல் முறை பிடித்தது. இரண்டாம் முறை கையில் வெண்ணெயைத் திருப்புவதுபோல ஒரு வழுக்கல். விளக்கைப் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஆறு மூலையும் மழுங்கி வட்டமாகியிருந்தது. அந்த நட்டை வெளியே எடுக்க இரண்டு நாள் ஆனது. சாவி ஆடினால் திருப்பவே கூடாது என்பதையும் சொல் விளக்கத்தில் ஒரு வரியாகச் சேர்க்க விரும்புகிறேன்.

அப்புறம், ‘ரிலீஃப்’. முதல் மெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் மெட்டிலும் கம்பியை அழுத்தினால் ஏழாம் மெட்டருகே கம்பிக்கடியில் தெரிகிற 0.2, 0.3 மி.மீ. இடைவெளி. ‘குழிவு’ என்று எழுதிப் பார்த்தேன், முழுத் திருப்தி இல்லை. உங்களிடம் நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள். பட்டறைச் சுவரில் ஒட்டப்போகும் அளவுப் பட்டியலை அதற்குப் பிறகே அச்சடிக்கிறேன்.

அன்புடன்,
யாங்கோனிலிருந்து உங்கள் தம்பி