மறு: கூரையற்ற காரின் முன்கண்ணாடி நடுக்கத்துக்கு ஒரு சொல் (தோளதிர்வு?)

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கூரையில்லாத கார் மேடுபள்ளத்தில் ஓடும்போது முன்கண்ணாடியும் அதன் அடிப்பகுதியும் நடுங்குவதை ஆங்கிலத்தில் 'ஸ்கட்டில் ஷேக்' (scuttle shake) என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்ட இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. முதற்கடிதம் எழுதிய நண்பர் 'முன்கண்ணாடி ஆட்டம்' என்றார். பேராசிரியர் ஐயா 'முறுக்கு நடுக்கம்' என்று திருத்தினார். கரூர் நண்பர் 'கூண்டதிர்வு' போதும் என்றார். இவை எதுவும் வேண்டாம், 'ஸ்கட்டில் ஷேக்' என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம் என்பாரும் உண்டு. இருவர் மட்டும் அமரக்கூடிய, ஒரு டன்னுக்கும் குறைந்த எடையுள்ள பழைய திறந்த கார் ஒன்றை இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக ஓட்டியும் பிரித்துப் பூட்டியும் வருபவன் என்ற முறையில், இம்மூன்று சொற்களையும் அந்தக் காரிலேயே வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில், நாம் பெயர் வைக்கப்போகும் நிகழ்வு எது என்பதில் உடன்பாடு வேண்டும். யார்க்ஷயர் மேட்டுநிலச் சாலைகளில், ஆடுமாடுகள் எல்லை தாண்டாமலிருக்கச் சாலையின் குறுக்கே இரும்புத் தண்டவாளங்களைப் பதித்திருப்பார்கள். கூரையை மடித்துவிட்டு அவற்றின்மீது மிதமான வேகத்தில் ஏறினால், முன்கண்ணாடியின் மேல்விளிம்பு தொடுவானத்துக்கு எதிரே ஒருபுறமும் மறுபுறமுமாகச் சாய்ந்து சாய்ந்து மீள்வதைக் கண்ணாலேயே காணலாம். உள்நோக்குக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி கலங்கித் தெரியும். ஸ்டியரிங் தண்டு கைக்குள் உதறும். இருக்கையில் அவ்வளவு குலுக்கம் இராது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். குலுங்குவது முழுக் காரும் அன்று. எஞ்சின் மூடி முடிந்து கண்ணாடி எழும்பும் இடம், அதாவது டேஷ்போர்டையும் ஸ்டியரிங் தண்டையும் கதவுக் கீல்களையும் தாங்கி நிற்கும் குறுக்குப் பகுதி, அதுதான் கண்ணுக்கும் கைக்கும் படும்படியாக ஆடுகிறது.

காரணம் எளியது. இனிப்புக் கடை அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, மூடியைச் சுற்றிலும் ஒட்டிவிட்டு இரண்டு கைகளாலும் முறுக்கிப் பாருங்கள், எளிதில் இடங்கொடாது. மூடியைக் கழற்றிவிட்டு முறுக்கினால் துணி பிழிவது போல வளைந்து கொடுக்கும். அட்டையின் தடிமன் மாறவில்லை, வடிவம் மட்டுமே திறந்துவிட்டது. காரின் கூரை நாம் நினைப்பது போல வெயிலுக்கும் மழைக்குமான மறைப்பு மட்டும் அன்று, பெட்டியை மூடி விறைப்பாக்கும் நான்காவது சுவர் அது. கூரையில்லாத காரில் அந்த வேலையைக் கதவுக்கு அடியில் ஓடும் உள்ளீடற்ற விட்டங்களும், தரையின் நடுவே நீளவாக்கில் சுரங்கம் போலப் புடைத்திருக்கும் பகுதியுமே செய்தாகவேண்டும்.

லோட்டஸ் நிறுவனத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 1957இல் அவர்கள் காட்சிக்கு வைத்த எலீட், தனிச் சட்டகம் இல்லாமல் கண்ணாடியிழைக் கூண்டையே (காரின் உடலையே) சுமைதாங்கியாகக் கொண்டது. அதற்குக் கூரை இருந்தது. 1962இல் எலானைத் திறந்த காராகக் கொண்டுவந்தபோது அந்த வழி கைகொடுக்கவில்லை. நடுவில் முதுகெலும்பு போல ஓடும் எஃகுச் சட்டகம் ஒன்றைப் போட்டு, அதன்மேல் கண்ணாடியிழை உடலைப் பொருத்தினார்கள். அந்த முதுகெலும்பின் துணையால்தான் 700 கிலோவுக்குள் அடங்கிய அந்தக் கார் ஒழுங்காக வளைவுகளில் திரும்பியது. 1996 முதல் விற்பனையான எலீஸில், பசையால் ஒட்டிய அலுமினியச் சட்டகத்தின் பக்க விட்டங்களை உயரமாகவும் அகலமாகவும் வைத்தார்கள். வேட்டி கட்டிக்கொண்டு அந்தக் காருக்குள் இறங்க முடியாது என்பதை உறுதியாகச் சொல்வேன். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 எஃகுக் கூண்டாக வந்தது, 1.8 லிட்டர் எஞ்சினுடன் வந்த 1994 மாதிரியில், இருக்கைகளுக்குப் பின்னால் இரு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குத் தண்டு ஒன்று கூடுதலாகச் சேர்ந்தது.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். 'முன்கண்ணாடி ஆட்டம்' என்றால் பட்டறையில் வேறு பொருள் வந்துவிடும். நம் ஊர் மெக்கானிக் 'சக்கரத்தில் ஆட்டம் இருக்கிறது' என்றால், பேரிங் தேய்ந்திருக்கிறது அல்லது நட்டு தளர்ந்திருக்கிறது என்று பொருள். இங்கே எதுவும் தளரவில்லை. எல்லா நட்டுகளும் இறுக்கமாக இருக்கும்போதே இது நடக்கிறது. கண்ணாடிச் சட்டத்தை இறுக்கிக் கொடுங்கள் என்று வாடிக்கையாளர் போய் நிற்கும்படி ஒரு கலைச்சொல் அமையக்கூடாது.

'முறுக்கு நடுக்கம்' காரணத்தைச் சரியாகச் சொல்கிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எஞ்சினின் திறன் விவரங்களில் 'முறுக்குவிசை' என்பது ஏற்கெனவே குடியேறிவிட்டது. இரண்டும் ஒரே கட்டுரையில் வரும்போது, கியர் மாற்றுகையில் எஞ்சின் உதறுவதைத்தான் சொல்கிறார்கள் என்று வாசகர் நினைப்பார். (மாலைத் தேநீருடன் வரும் முறுக்கை நான் இங்கே எடுக்கவில்லை, அதுவும் சொல்லை இலேசாக்கத்தான் செய்யும்.) மேலும், நடுக்கம் என்பது குளிருக்கும் அச்சத்துக்கும் உரிய சொல். நாம் பேசுவதோ இயற்பியலின் கண்டிப்பான பொருளில் அதிர்வு. பெரும்பாலான கார்களில் சக்கரம் டயரின்மீது நொடிக்கு ஏறத்தாழ 10 முதல் 15 முறை துள்ளும். கூரையுள்ள கூண்டின் முறுக்க அதிர்வெண், அதாவது அது முறுக்கி மீளும் எண்ணிக்கை, இதற்கு வெகுவாக மேலே இருக்கும். கூரையை எடுத்ததும் அது இறங்கி இந்த எல்லைக்கு அருகே வந்துவிடுகிறது. இரண்டும் நெருங்கும்போது ஒத்ததிர்வு, அதாவது சக்கரத்தின் துள்ளல் கூண்டின் அதிர்வைப் பெருக்கிவிடுகிறது. எனவே 'அதிர்வு' என்ற பகுதியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

கரூர் நண்பரின் 'கூண்டதிர்வு' எனக்கு மிகவும் பிடித்தது. பேருந்துக்குக் 'கூண்டு கட்டுதல்' என்று கரூர் ஊரே தொழிலாகச் சொல்லிவரும் சொல்லை நாம் அகராதியில் ஏற்றாமல் 'உடற்கட்டுமானம்' என்றெல்லாம் எழுதிக்கொண்டிருப்பது நம் குறை. கூண்டு என்ற சொல்லை நான் மேலே தயங்காமல் பயன்படுத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆயினும் கூண்டதிர்வு மிகப் பரந்தது. பழைய பேருந்தின் தகடுகள் கடகடவென்று ஒலிப்பதும் கூண்டதிர்வுதான். நமக்கு வேண்டியது, எந்த இடம் அதிர்கிறது என்று சுட்டும் சொல்.

அந்த இடத்துக்கு ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடிப் போகவேண்டியதில்லை. திறந்த காரை எட்ட நின்று பாருங்கள். தலை இல்லை. எஞ்சினின் பக்கத்திலிருந்து உயர்ந்து வரும் உடல், கண்ணாடியின் அடியில் முடிகிறது. அதுதான் தோள். இந்தப் பெயரிடல் தமிழுக்குப் புதிதும் அன்று. அகழாய்வில் கிடைக்கும் பானைகளை விவரிக்கையில், கழுத்துக்குக் கீழே விரியும் பகுதியைத் தோள்பகுதி என்றே நம்மவர் எழுதுகிறார்கள். மூடியில்லாத கலத்துக்குப் பொருந்தும் சொல் கூரையில்லாத காருக்கும் பொருந்தும். இலங்கை நண்பர்களுக்கும் இதில் வழக்கு வேறுபாடு இராது.

முதலில் நான் 'தோள் நடுக்கம்' என்றும் 'தோள் துளக்கம்' என்றும் எழுதிப் பார்த்தேன். இலக்கணப்படி புணர்த்தினால் முன்னது தோணடுக்கம், பின்னது தோட்டுளக்கம்; ஒன்று தோணியை நினைவூட்டுகிறது, மற்றது காதில் தொங்குகிறது. பிரித்தே எழுதலாம் என்று சிலர் சொல்வீர்கள். ஆனால் சேர்த்தால் சிதையும் தொடர், வேற்றுமை உருபும் அடைமொழியும் ஏற ஏறத் தொல்லை தரும். தோள், அதிர்வு இரண்டும் சேர்ந்தால் 'தோளதிர்வு'. உயிர் வந்து ஒன்றியதால் இரண்டு உறுப்புகளும் முகம் மாறாமல் நிற்கின்றன.

சொல்லை வாக்கியத்தில் ஓடவிட்டுப் பார்ப்பதே சோதனை. 'அடிப்பக்கத்தில் குறுக்குவலுச் சட்டம் பூட்டியபின் தோளதிர்வு பாதியாகக் குறைந்தது.' இது என் காரில் நானே கண்டது. பாதி என்பது உணர்வளவு, கருவி வைத்து அளக்கவில்லை. 'கழற்றி மாட்டக்கூடிய கடினக் கூரை தோளதிர்வை ஓரளவே குறைக்கும், ஏனெனில் அது நான்கைந்து பூட்டுகளில் மட்டுமே கூண்டைப் பற்றுகிறது.' 'விறைப்பான ஸ்பிரிங்கும் தாழ்ந்த பக்கச்சுவருள்ள டயரும் மாட்டுபவர், தோளதிர்வு கூடும் என்பதை எதிர்பார்க்கவேண்டும்.' மூன்றிலும் சொல் இடறவில்லை. கனமான திறந்த கார்களில், ஸ்பிரிங்கில் தொங்கும் எடைக்கட்டி ஒன்றை ஒளித்துவைத்து எதிரதிர்வால் அடக்கும் முறையும் உண்டு. அதைத் 'தோளதிர்வுத் தணிப்பி' எனலாம். எடை குறைவதற்காகவே வாங்கிய காரில் எடையைக் கட்டித் தொங்கவிட யாருக்கு மனம் வரும் என்பது வேறு செய்தி.

காரணத்தைச் சுட்டும் இணைச்சொல்லாக, பேராசிரியர் ஐயாவின் முறுக்கை 'முறுக்கம்' ஆக்கி, 'முறுக்க விறைப்பு' என்று வைத்துக்கொள்ளலாம். கூண்டு முறுக்கலுக்கு எவ்வளவு எதிர்நிற்கிறது என்பது அது; பாகைக்கு இத்தனை நியூட்டன் மீட்டர் என்று அளப்பார்கள். வண்டி ஓட்டுபவர் கையில் உணர்வது தோளதிர்வு. முன்னது குறைந்தால் பின்னது கூடும்.

எஞ்சியிருப்பது, கதவுக்கு அடியில் ஓடுவதாக மேலே சொன்ன விட்டத்துக்கு ஒரு பெயர். வாயிற்படி, நிலைப்படி என்றெல்லாம் யோசித்தேன். மிதித்து ஏறும் படி என்ற பொருளே மேலோங்குகிறது. துருப்பிடித்தால் திறந்த காரின் உயிரே போய்விடும் உறுப்பு அது. கரூர் நண்பர் பட்டறைப் பக்கம் போகும்போது, பேருந்துக் கூண்டின் அடியில் நீளவாக்கில் ஓடும் பக்கச் சட்டத்துக்கு அங்கே வாய்மொழியாக என்ன பெயர் வழங்குகிறது என்று கேட்டு எழுத இயலுமா? அது கிடைக்கும்வரை நான் 'கதவடி விட்டம்' என்றே எழுதிவருகிறேன்.

அன்புடன்.