உதவி: புது போனில் ஆபீஸ் ஓடிபி எதுவும் வேலை செய்யவில்லை (அவசரம்)

கடைசிநிமிடம் | இரவு 8.40
போன் மாற்றி இரண்டு நாள் ஆகிறது. ஆபீஸ் விபிஎன்னில் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்கில் சேரும் வழி) நுழைய ஓடிபி போட்டால் தவறு என்கிறது. பத்துப் பன்னிரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். நாளைக் காலை மென்பொருள் ரிலீஸ், என் பகுதி இன்னும் அதோடு மெர்ஜ் ஆகவில்லை. பழைய போனை ரீசெட் செய்து கொடுத்தாகிவிட்டது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

மழைத்துளி | 8.46
ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வருகிறதா, செயலியில் பார்க்கிறீர்களா? சிம்மையும் மாற்றினீர்களா? இது தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

சுருள்கம்பி | 8.49
பேட்டரி சேவராகத்தான் இருக்கும். புது போன்கள் பின்னணியில் ஓடும் செயலிகளைத் தானாகவே நிறுத்திவிடுகின்றன. எனக்கு இதனால் அலாரமே அடிக்காமல் போயிருக்கிறது. அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

இரவுப்பணி | 8.52
நான் ஹெல்ப் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். முதல் வேலையாக, இனி முயற்சி செய்வதை நிறுத்துங்கள். பல அலுவலகங்களில் சில தடவை தவறாகப் போட்டாலே கணக்கு பூட்டிக்கொள்ளும். அப்புறம் சரியான எண்ணைப் போட்டாலும் தவறு என்றே வரும், எது காரணம் என்று பிரித்துப் பார்க்க முடியாது. எந்தச் செயலி, பழைய போனிலிருந்து எப்படி மாற்றினீர்கள், திரையில் வரும் வாசகம் என்ன, மூன்றையும் சொல்லுங்கள்.

பழையவிசைப்பலகை | 8.58
இதே கேள்வி இங்கே எத்தனையோ தடவை வந்துவிட்டது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். எல்லாவற்றையும் ஓடிபி என்ற ஒரே பெயரில் அழைப்பதால்தான் பாதிக் குழப்பம். செயலி காட்டும் ஆறு இலக்க எண் எங்கிருந்தும் வருவதில்லை. உங்கள் போனில் ஒரு ரகசியச் சாவி சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து 30 விநாடிக்கு ஒரு எண்ணைப் போனே கணக்கிடுகிறது. சர்வர் தன் பக்கம் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடும். அவ்வளவுதான். ஏரோப்ளேன் மோடில் போட்டாலும் எண் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த முறையை விவரிக்கும், 2011இல் வந்த ஆர்எஃப்சி 6238 என்ற ஆவணத்தை ஒரு முறையாவது படித்தவர்கள் பேட்டரி சேவரைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

சுருள்கம்பி | 9.01
சரி, பேட்டரியை விடுகிறேன். ஆனால் உதவி கேட்டு வந்தவரிடம் இந்தத் தொனி தேவையில்லை. அவருக்கு நாளை ரிலீஸ்.

கடைசிநிமிடம் | 9.06
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். கூகுள் ஆதென்டிகேட்டர். பழைய போனில் ஏற்றுமதி கொடுத்து, அதில் வந்த கியூஆரைப் புது போனில் ஸ்கேன் செய்தேன். எல்லாக் கணக்கும் வந்துவிட்டது. 'குறியீடு தவறு' என்று மட்டும்தான் வருகிறது. நேரம் சரியாகத்தான் இருக்கிறது. போனையும் லேப்டாப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், நிமிடம்கூட மாறவில்லை.

மழைத்துளி | 9.10
நேரம் சரி என்றால் சாவிதான். ஆபீஸ் பெயரில் இரண்டு வரி இருக்கிறதா பாருங்கள். கடவுச்சொல்லுக்கு மேல் கேட்கும் இந்த இரண்டாம் அடுக்கை எப்போதோ ஒரு முறை புதிதாகப் பதிந்திருந்தால் பழைய சாவியும் பட்டியலில் அப்படியே கிடக்கும். நீங்கள் செத்துப்போன வரியைப் பார்த்துப் போடுகிறீர்களோ என்று சந்தேகம்.

நூலிழை | 9.13
கேட்டதற்கு இது பதில் இல்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஆபீஸ் லாகினுக்கு நம் சொந்த போன் எதற்கு? போன் தொலைந்தால், உடைந்தால், மாற்றினால் வேலை நிற்கிறது, பழி நம்மேல் விழுகிறது. யூஎஸ்பியில் செருகும் பாதுகாப்புச் சாவி ஒன்றை ஆளுக்கொன்று கம்பெனியே கொடுக்கலாம். என் போனில் ஆபீஸ் செயலி எதையும் ஏற்ற மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாளைக்குக் கணக்கை முடக்கும்போது என் குழந்தையின் படங்களையும் சேர்த்து அழித்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

தேன்சிட்டு | 9.19
அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் இதில் மூன்று விஷயங்கள் கலந்துவிட்டன. இவர் வைத்திருப்பது எண் கணக்கிடும் செயலி மட்டும். அதை வைத்துக் கம்பெனி உங்கள் போனில் எதையும் பார்க்கவோ அழிக்கவோ முடியாது. இரண்டாவது, ஆண்ட்ராய்டில் 2014இல் 5.0 பதிப்போடு வந்த வேலைக்கான தனிப் பகுதி. அதில் அழித்தாலும் அந்தப் பகுதி மட்டும்தான் போகும், சொந்தப் படங்கள் இருக்கும். ஐபோனில் அதற்கு இணையான ஏற்பாடு 2019இல் ஐஓஎஸ் 13இல் வந்தது. மூன்றாவதுதான் ஆபத்து. போன் முழுவதையும் நிர்வாகத்தின் கையில் ஒப்படைக்கும் முறை. அதில் மொத்தப் போனையும் அழிக்க வழி உண்டு. கையெழுத்துப் போடும் முன் எந்த முறை என்று கேளுங்கள், எல்லாவற்றையும் மறுக்க வேண்டியதில்லை.

நூலிழை | 9.24
விளக்கத்துக்கு நன்றி. ஆனால் கேட்டாலும் எங்கள் இடத்தில் யாரும் இப்படிப் பிரித்துச் சொல்வதில்லை. 'செயலியை ஏற்றுங்கள்' என்று ஒரு வரி மெயில், அவ்வளவுதான். தெரியாமல் எப்படி ஒப்புக்கொள்வது?

இரவுப்பணி | 9.26
இந்தப் பேச்சு முக்கியம்தான், ஆனால் அவருடைய பிரச்சினை அப்படியே நிற்கிறது. கடைசிநிமிடம், ஒன்று செய்யுங்கள். அதே செயலியில் உங்கள் சொந்தக் கணக்கு ஏதாவது இருக்கிறதா? லேப்டாப்பில் பழைய லாகினை நினைவில் வைக்காத இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்து அதில் நுழைந்து பாருங்கள். ஒரே ஒரு தடவை போதும்.

கடைசிநிமிடம் | 9.33
சொந்த மெயிலில் முயன்றேன். அதுவும் தவறு என்கிறது!! போனில் ஏற்கெனவே உள்ளே இருந்ததால் இதுவரை தெரியவில்லை. ஆபீஸ் பெயரில் ஒரே வரிதான் இருக்கிறது.

இரவுப்பணி | 9.37
நல்லது, இதில் பாதி தெளிந்துவிட்டது. சம்பந்தமே இல்லாத இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் மறுக்கின்றன. இரண்டு சாவியும் ஒரே மாதிரி கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது உங்கள் போனின் நேரம். திரையில் தெரியும் நேரத்தைச் சொல்லவில்லை. அமைப்புகளில் தேதி, நேரம் பக்கத்தைத் திறங்கள். தானியங்கி நேரம் இயக்கத்தில் இருக்கிறதா? நேர மண்டலம் என்று எதைக் காட்டுகிறது? கூடவே, சற்று முன் வந்த ஒரு மெயில் எத்தனை மணிக்கு வந்ததாகக் காட்டுகிறது என்றும் பாருங்கள்.

சுருள்கம்பி | 9.40
நேரம் தவறாக இருந்தால் போனில் எந்த இணையதளமும் திறக்காதே? தளம் உண்மையானதா என்று உலாவி சரிபார்க்கும் சான்றிதழில் பிழை வருமே. இவருக்கு அப்படி எதுவும் இல்லை.

பழையவிசைப்பலகை | 9.44
சான்றிதழ்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் செல்லுபடியாகும். கடிகாரம் இரண்டு மூன்று மணி நேரம் தள்ளியிருந்தால் உலாவி கண்டுகொள்ளாது. ஆனால் இந்த எண்ணுக்கு அந்தச் சலுகை இல்லை. எண் போய்ச் சேரத் தாமதமாவதற்காக ஒரு 30 விநாடிப் படி வரை ஏற்கலாம் என்பதுதான் அந்த ஆவணத்தின் பரிந்துரை.
மண்டலத்தைக் கேட்டது சரியான கேள்வி, எனக்குத் தோன்றவில்லை. போன் உள்ளுக்குள் 1970 ஜனவரி 1இலிருந்து விநாடிகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. எந்த நாட்டில் இருந்தாலும் அந்த எண்ணிக்கை ஒன்றுதான். அதோடு மண்டல வித்தியாசத்தைக் கூட்டித்தான் திரையில் மணி காட்டுகிறது. மண்டலம் தவறாக இருக்கும்போது மணியைக் கையால் திருத்தினால் திரை சரியாகிவிடும், உள்ளே எண்ணிக்கை கெட்டுவிடும். மூன்று மணி நேரம் பிசகினால் 360 படிகள். எந்தச் சர்வரும் ஏற்காது.

சுருள்கம்பி | 9.47
இது எனக்குத் தெரியாது. தெளிவாகச் சொன்னதற்கு நன்றி.

நூலிழை | 9.50
காத்திருக்கும் நேரத்தில் ஒரு சந்தேகம். எங்கள் ஆபீஸில் எண் போடும் வேலையே இல்லை. போனில் 'அனுமதி' என்று வரும், தொட்டால் போதும். அது இதைவிட மேல்தானே?

தேன்சிட்டு | 9.55
வெறும் அனுமதிப் பொத்தான் என்றால் இல்லை. 2022 செப்டம்பரில் ஊபரில் நடந்தது அதுதான். கடவுச்சொல் கைக்குக் கிடைத்தவன் அனுமதி கேட்டு அனுப்பிக்கொண்டே இருந்தான், ஒப்பந்த ஊழியர் ஒருவர் கடைசியில் ஏற்றுக்கொண்டார். 2023 மே மாதம் முதல் மைக்ரோசாஃப்ட் தன் ஆதென்டிகேட்டரில், லாகின் திரையில் தெரியும் எண்ணைப் போனில் தட்டச்சு செய்தால்தான் அனுமதி என்று கட்டாயமாக்கியது. உங்களுடையதில் எண் கேட்கிறதா என்று பாருங்கள்.

கடைசிநிமிடம் | 10.02
அதேதான். தானியங்கி அணைந்திருந்தது, மண்டலம் வேறு ஏதோ ஊர். முதல் நாள் மணி மூன்று மணி நேரம் பின்னால் காட்டியது, நானே திருத்தினேன். மெயில்களும் மூன்று மணி நேரம் முன்பே வந்ததாகக் காட்டின. மெயில் செயலியின் கோளாறு என்று நினைத்து இங்கே சொல்லவில்லை. இரண்டையும் தானியங்கியில் போட்டேன், சொந்த மெயில் உடனே திறந்துவிட்டது! விபிஎன் மட்டும் இப்போது கணக்கு பூட்டியிருக்கிறது என்கிறது.

இரவுப்பணி | 10.05
முன்பு போட்ட பன்னிரண்டு தடவையின் பலன். ஹெல்ப் டெஸ்க்கைக் கூப்பிடுங்கள். 'பூட்டை மட்டும் திறங்கள்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். 'ஓடிபி வேலை செய்யவில்லை' என்று சொன்னால் இரண்டாம் அடுக்கையே ரீசெட் செய்துவிடுவார்கள். அப்புறம் உங்களிடம் இருக்கும் நல்ல சாவி வீணாகி, புதுக் கியூஆருக்காக இன்னொரு சுற்றுக் காத்திருக்க வேண்டும்.
ஆளை உறுதிப்படுத்த நிறையக் கேள்விகள் கேட்டால் கோபப்படாதீர்கள். 2023இல் அமெரிக்காவின் சூதாட்ட விடுதி நிறுவனமான எம்ஜிஎம் ரிசார்ட்ஸ் மீது நடந்த இணையத் தாக்குதல் ஹெல்ப் டெஸ்க்குக்கு வந்த ஒரு போன் அழைப்பில் தொடங்கியது என்று செய்திகள் வந்ததிலிருந்து எங்களுக்கெல்லாம் கெடுபிடி அதிகம். உள்ளே போனதும், போன் கையில் இல்லாதபோது நுழைய உதவும் மீட்புக் குறியீடுகள் கொடுக்கிறார்களா என்று பார்த்து, போனுக்கு வெளியே எங்காவது எழுதி வையுங்கள்.

மழைத்துளி | 10.31
பூட்டைத் திறந்தார்களா? மெர்ஜ் ஆனதா?

மழைத்துளி | மறுநாள் மதியம் 1.15
ரிலீஸ் போனதா என்று ஒரு வரி சொல்லுங்கள்.

புல்லாங்குழல் | 4 நாள் கழித்து
இதே தொல்லை எனக்கும். தானியங்கி நேரம், மண்டலம் எல்லாம் சரியாக இருக்கிறது. மற்றக் கணக்குகள் திறக்கின்றன, ஆபீஸ் மட்டும் ஏற்கவில்லை.

இரவுப்பணி | 4 நாள் கழித்து
ஒன்று மட்டும் மறுக்கிறது என்றால் நேரத்தைத் தேடாதீர்கள். சாவி மாறியிருக்கலாம் அல்லது கணக்கு பூட்டியிருக்கலாம். மழைத்துளி மேலே கேட்ட கேள்வி உங்களுக்குத்தான் பொருந்தும்: ஆபீஸ் பெயரில் எத்தனை வரி இருக்கிறது?