ஸ்லோ குக்கரில் இனிப்பும் உவர்ப்பும் சேர்ந்த பன்றி இறைச்சி: மேலே குழைந்து, உள்ளே வறண்டு போவது ஏன்?

நிதானச்சமையல்:

அனைவருக்கும் வணக்கம். ஸ்லோ குக்கரில் இனிப்பும் உவர்ப்பும் சேர்ந்த பன்றி இறைச்சியை இதுவரை மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன். மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே குறைதான் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் பிடித்த சுவை என்பதால் இதை எப்படியாவது சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். செய்ததைச் செய்தபடியே எழுதுகிறேன். பிழை எங்கே என்று சொல்லுங்கள்.

எலும்பில்லாத, கொழுப்புக் குறைந்த முதுகுப் பகுதி இறைச்சி 1.5 கிலோ வாங்கிப் பெரிய துண்டுகளாக வெட்டி, பச்சையாகவே பாத்திரத்தில் அடுக்கினேன். அதன் மேல் நறுக்கிய வெங்காயம், பூண்டு, இஞ்சி, அரை கப் சோயா சாஸ், முக்கால் கப் பழுப்புச் சர்க்கரை, கால் கப் வினிகர், அப்போதுதான் தோல் சீவி நறுக்கிய ஒரு முழு அன்னாசிப்பழம் ஆகியவற்றைச் சேர்த்து, துண்டுகள் மூழ்கும்படி இரண்டு கப் தண்ணீர் ஊற்றி, 'லோ' நிலையில் 9 மணி நேரம் வேகவிட்டேன். திறந்து பார்த்தால், துண்டுகளின் மேற்பரப்பு மாவாகக் குழைந்திருக்கிறது. நடுப்பகுதியோ நார் நாராக வறண்டு, மெல்லும்போது தொண்டையில் அடைக்கிறது. சாறு தண்ணீராக நிற்கிறது. இனிப்பு மட்டும் நாக்கில் தெரிகிறது, வேறு எந்தச் சுவையும் எழவில்லை. இவ்வளவு சாற்றில் இவ்வளவு நேரம் ஊறி வெந்த இறைச்சி எப்படி வறண்டு போகும் என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை.

பொறுமைக்கரண்டி:

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அது விளங்கிவிட்டால் மற்றவற்றில் பாதி தானாக விளங்கிவிடும். இறைச்சியைச் சுற்றி எவ்வளவு தண்ணீர் நின்றாலும் அது இறைச்சிக்குள் புகுந்து ஈரத்தைத் தருவதில்லை. உட்புற வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஏற ஏறத் தசைநார்கள் சுருங்கி, தமக்குள் இருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. நீரில் மூழ்கியிருந்தாலும் இது நடந்தே தீரும். ஸ்லோ குக்கரின் முடிவு வெப்பமோ கொதிநிலைக்குச் சற்றுக் கீழே நிற்பது. ஆகவே அதில் மணிக்கணக்கில் வேகும் எந்த இறைச்சியும் தன் நீரில் கணிசமான பங்கை இழந்துவிடும்.

அப்படியானால் சில துண்டுகள் மட்டும் வாயில் கரைவது எப்படி? அதற்குக் காரணம் இணைப்புத்திசுவில் உள்ள கொலாஜன் என்னும் புரதம். விலங்கு அதிகம் உழைக்கும் தோள் பகுதியில் இது நிறைய இருக்கிறது. இடையிடையே கொழுப்பும் ஓடுகிறது. ஏறத்தாழ 70 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் நிற்கும்போது கொலாஜன் மெல்ல மெல்ல ஜெலட்டினாக உருகி, நீரிழந்த தசைநார்களுக்கு இடையே வழவழப்பாகப் பரவுகிறது. நாம் 'சாறுள்ள இறைச்சி' என்று நினைத்துச் சுவைப்பது பெரும்பாலும் இந்த ஜெலட்டினையும் உருகிய கொழுப்பையும்தான். நீங்கள் வாங்கிய முதுகுப் பகுதியில் இவை இரண்டுமே மிகக் குறைவு. அது 63 டிகிரி வரை வெந்து, மூன்று நிமிடம் ஓய்ந்ததும் பரிமாற வேண்டிய பகுதி. 9 மணி நேரம் என்பது அதற்குத் தண்டனை.

எனவே அடுத்த முறை தோள் பகுதியைக் கேட்டு வாங்குங்கள். கொழுப்பை முழுவதும் செதுக்கி எடுத்துவிடாதீர்கள்; தடித்த மேற்படலத்தை மட்டும் மெல்லியதாக்கினால் போதும். சிறு துண்டுகளாக்காமல் 1.5 கிலோவை நான்காக மட்டும் வெட்டுங்கள். உட்புறம் 93 முதல் 95 டிகிரியை எட்டும்போது முள்கரண்டியால் தொட்டாலே பிரிந்துவிடும். 80 டிகிரியில் நிறுத்தினால் வெந்திருக்கும், ஆனால் இறுக்கமாக இருக்கும். அந்த நிலையைக் கண்டு 'அதிகமாக வெந்துவிட்டது' என்று தவறாக எண்ணி அணைத்துவிடுபவர்கள் பலர். உண்மையில் அதற்குத் தேவைப்படுவது இன்னும் ஒரு மணி நேரம்.

தண்ணீரைப் பற்றி ஒரே ஒரு சொல்: ஊற்றவே வேண்டாம். மூடிய பாத்திரத்தில் ஆவி வெளியேறாது, 1.5 கிலோ இறைச்சியிலிருந்தே ஒரு கப்புக்கு மேல் சாறு இறங்கும்.

உப்புக்கல்:

மேற்பரப்பு குழைந்ததற்கு வேறொரு காரணம் இருக்கிறது: பச்சை அன்னாசி. அதிலுள்ள புரோமெலைன் என்னும் நொதி புரதத்தை அறுக்கும் தன்மை கொண்டது. அடுப்பில் கொதிக்கும் வாணலியில் போட்டால் அந்த நொதி சீக்கிரமே அழிந்துவிடும். ஆனால் ஸ்லோ குக்கர் மிக மெதுவாகச் சூடேறுவதால், நொதி சுறுசுறுப்பாக வேலை செய்யும் இளஞ்சூட்டிலேயே இறைச்சி நெடுநேரம் கிடக்கிறது. அது வெளியிலிருந்து உள்நோக்கி வேலை செய்வதால்தான் மேற்பரப்பு மாவாகவும் நடுப்பகுதி நாராகவும் ஒரே துண்டில் இரண்டு குறைகளைக் கண்டிருக்கிறீர்கள்.

டப்பாவில் அடைத்த அன்னாசி ஏற்கெனவே சூடுபடுத்தப்பட்டது. அதில் இந்த நொதி செயலிழந்திருக்கும், தாராளமாக முதலிலேயே சேர்க்கலாம். பச்சைப் பழம்தான் வேண்டுமென்றால் கடைசியில், சாற்றைச் சுண்டவைக்கும்போது கொதிக்கும் சாற்றில் சேருங்கள். பழத்தின் உருவமும் அப்போதுதான் கெடாமல் நிற்கும். இஞ்சியிலும் இதுபோன்ற நொதி உண்டு, ஆனால் நீங்கள் போடும் அளவுக்கு அது ஒன்றும் செய்யாது.

வாணலி:

இருவரும் இறைச்சியைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் சாற்றைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் இந்த உணவு நிற்பதும் விழுவதும் சாற்றில்தான் என்பது பல ஆண்டுகளாகச் செய்து பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. ஸ்லோ குக்கர் இறைச்சியை மென்மையாக்கும். சுவைகளை அதுவே சமன் செய்து தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே முழு அளவில் கொட்டிவிட்டு 9 மணி நேரம் கழித்துத் திறந்தால், இறைச்சியின் சாறு எவ்வளவு இறங்கி எதை எவ்வளவு நீர்க்கச் செய்யும் என்று முன்கூட்டியே யாராலும் கணிக்க முடியாது. வினிகரின் கூர்மையும் நெடுநேர வேக்காட்டில் மழுங்கிவிடும். சர்க்கரையோ பாத்திரத்தின் ஓரங்களில் படிந்து கருகிக் கசக்கத் தொடங்கும்.

ஆகவே உவர்ப்பையும் மணத்தையும் முதலில் கொடுத்து, இனிப்பையும் புளிப்பையும் கடைசிக்கு வைத்துக்கொள்வதே என் முறை. தோள் பகுதி 1.5 கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி உப்பும் மிளகுத்தூளும் தடவி, கனமான வாணலியில் சிறிது எண்ணெய் விட்டு, ஒவ்வொரு பக்கமும் மூன்று நான்கு நிமிடம் நன்றாகச் சிவக்க விடுவேன். அதே வாணலியில் இரண்டு பெரிய வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, எட்டுப் பல் பூண்டும் ஒரு மேசைக்கரண்டி துருவிய இஞ்சியும் சேர்த்து மணம் வந்ததும், அரை கப் டப்பா அன்னாசிச் சாறோ ஆப்பிள் சாறோ ஊற்றி, அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பு முழுவதையும் சுரண்டிக் கரைப்பேன். அந்தப் பழுப்பை வீணாக்கிவிடாதீர்கள். உங்கள் சாற்றில் இல்லாமற்போன ஆழம் அதில்தான் இருக்கிறது. இதனுடன் சோயா சாஸ் ஐந்து மேசைக்கரண்டி, பழுப்புச் சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, ஒரு அன்னாசிப்பூ, சிறு துண்டுப் பட்டை. இவ்வளவுதான் ஸ்லோ குக்கருக்குள் போகும். 'லோ' நிலையில் 8 முதல் 9 மணி நேரம்.

வெந்ததும் இறைச்சியை ஒரு தட்டில் எடுத்து மூடிவைத்துவிட்டு, சாற்றை வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பை வழித்தெடுத்து, அகலமான வாணலியில் பாதியாகும் வரை சுண்டவிடுவேன். சுண்டிய பிறகே மூன்று மேசைக்கரண்டி தேன் அல்லது சர்க்கரையும், இரண்டு மேசைக்கரண்டி வினிகரும் சேர்த்து, நாக்கில் வைத்துப் பார்த்து, எது குறைவோ அதைக் கூட்டுவேன். வினிகரைச் சிறிது சிறிதாக விடுங்கள். இனிப்பு தூக்கலாகத் தெரியும் பல வேளைகளில் குறைக்க வேண்டியது சர்க்கரை அல்ல, கூட்ட வேண்டியது புளிப்பே என்பதை அப்போது நீங்களே உணர்வீர்கள். உப்பை மட்டும் சுண்டுவதற்கு முன் ஒருபோதும் சரிபார்க்காதீர்கள். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது, சாறு பாதியாகும்போது அந்த உவர்ப்பு இரு மடங்காகும்.

கரண்டியின் பின்புறத்தில் படிந்து, விரலால் கோடு கிழித்தால் கோடு மறையாமல் நிற்க வேண்டும், அதுவே பதம். அந்தப் பதம் வருவதற்கு முன்பே உவர்ப்பு போதுமான அளவை எட்டிவிட்டால் அதற்கு மேல் சுண்டவிடாமல், ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளோரை இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றி ஒரு கொதி வரவிடுங்கள். கார்ன்ஃப்ளோரைத் தொடக்கத்திலேயே ஸ்லோ குக்கரில் போடுவது பயன் தராது. நெடுநேர வெப்பத்திலும் புளிப்பிலும் அதன் பிடிப்பு விட்டுப்போய் மீண்டும் நீர்த்துவிடும்.

தாளிப்பு:

வாணலி சொன்ன முறை அருமை. ஆனால் முதலில் சிவக்க வறுப்பது கட்டாயம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அந்த நிறமும் மணமும் 140 டிகிரி அளவிலான சூட்டில்தான் எளிதாக உருவாகின்றன, ஸ்லோ குக்கர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதெல்லாம் சரியே. ஆயினும் அந்த வேலையைக் கடைசியிலும் செய்யலாம். வெந்த இறைச்சியைப் பிரித்துத் தட்டில் பரப்பி, சுண்டிய சாற்றில் பாதியை அதன் மேல் ஊற்றி, ஓவனின் கிரிலுக்கு அடியில் ஐந்து நிமிடம் வையுங்கள். நுனிகள் மொறுமொறுப்பாகி, சர்க்கரை பாகாகி ஒட்டிக்கொள்ளும். முதலில் வறுத்த பழுப்பு 9 மணி நேர ஈரத்தில் நனைந்து மென்மையாகிவிடுகிறது. இந்த மொறுமொறுப்போ தட்டுக்கு வரும்வரை நிற்கிறது. வறுத்தே ஆக வேண்டும் என்பவர்கள் முந்தைய இரவே வறுத்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டால் காலை வேலை எளிதாகும்.

நிதானச்சமையல்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எனக்கு இன்னொரு சிக்கல் உண்டு. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப 11 மணி நேரம் ஆகும். முந்தைய இரவே எல்லாவற்றையும் பாத்திரத்தில் அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் அப்படியே எடுத்துப் பொருத்தலாமா? இறைச்சி ஃப்ரீசரில் உறைந்திருந்தால் மெதுவாகத்தானே வேகும், நேரமும் சரியாக இருக்கும் என்றும் ஒரு யோசனை வந்தது.

பொறுமைக்கரண்டி:

அந்த இரண்டாவது யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் பெருகும். உறைந்த இறைச்சி ஸ்லோ குக்கரில் அந்த இடைவெளியைக் கடக்க மிகவும் தாமதமாகும். முதல் நாளே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து முழுவதும் இளகவிட்ட இறைச்சியைத்தான் பயன்படுத்த வேண்டும், 1.5 கிலோ துண்டு இளக ஒரு முழு நாள் வேண்டியிருக்கும்.

தாளிப்பு அவர்கள் சொன்னதில் ஒன்றை மட்டும் அவர்கள் அனுமதியுடன் திருத்துகிறேன். இறைச்சியை அரைகுறையாக வறுத்து இரவெல்லாம் வைத்திருப்பது நல்லதன்று. மேற்பரப்பு மட்டும் சூடாகி, உட்புறம் வெதுவெதுப்பாகி, அந்நிலையில் மெதுவாகக் குளிர்வது கிருமிகளுக்கு வாய்ப்பளிக்கும். வறுப்பதானால் வறுத்த கையோடு வேகவைக்க வேண்டும். இரவில் வெங்காயம் வதக்கிச் சாற்றுக்கலவையைத் தயாரித்து ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். இறைச்சியை வேறு பாத்திரத்தில் வெட்டி வையுங்கள். காலையில் கலவையைக் கொதிக்கவைத்து ஊற்றினால் குக்கரும் விரைவில் சூடேறும். பீங்கான் பாத்திரத்தையே இரவில் குளிரவைத்து, காலையில் சூடாக்கும் அடிப்பகுதியில் பொருத்தினால் சூடேறத் தாமதமாகும், பாத்திரம் வெடிக்கவும் கூடும்.

11 மணி நேரத்துக்கு வழி இருக்கிறது. நேரம் குறிக்கும் வசதியுள்ள குக்கரானால் 'லோ' நிலையில் 9 மணி நேரம் வைத்து, அதன்பின் தானாக 'வார்ம்' நிலைக்கு மாறவிடுங்கள். தோள் பகுதி அந்த இரண்டு மணி நேரத்தைத் தாங்கும். 'வார்ம்' நிலை 60 டிகிரிக்கு மேல் நிற்கிறதா என்று ஒருமுறை வெப்பமானியால் பார்த்துக்கொள்ளுங்கள். பாத்திரம் பாதிக்குக் குறையாமலும் முக்கால் பங்கைத் தாண்டாமலும் நிரம்பியிருக்க வேண்டும். வீட்டில் யாரேனும் இருந்தால் மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம் என்று சொல்லிவைப்பது நல்லது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இழந்த சூட்டை மீட்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும்.

நிதானச்சமையல்:

நேற்று செய்தேன். தோள் பகுதி, தண்ணீர் இல்லை, டப்பா அன்னாசி, கடைசியில் இனிப்பும் புளிப்பும். காலையில் நேரமில்லாததால் வறுக்காமல் வைத்து, இறுதியில் கிரில் செய்தேன். இறைச்சி முள்கரண்டி பட்டதும் பிரிந்தது. மூன்று முறை தோற்ற பிறகு அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. இரண்டு மேசைக்கரண்டி வினிகருக்குப் பிறகும் இனிப்பு சற்றுத் தூக்கலாக இருந்தது, மூன்றாவதைச் சேர்த்ததும் சரியானது. மீதி நிறைய இருக்கிறது. கொழுப்பை முழுவதும் வழித்தெடுக்க முடியவில்லை. மறுபடியும் ஸ்லோ குக்கரிலேயே சூடாக்கலாமா?

வாணலி:

வேண்டாம், அடுப்பில் ஆவி பறக்கும்வரை, உட்புறம் 74 டிகிரி வரும்படி சூடாக்குங்கள். ஸ்லோ குக்கர் அதற்கு மிகவும் மெதுவானது. மீதியை ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் மூன்று நான்கு நாள் நன்றாக இருக்கும். அடுத்த முறை சாற்றையும் இறைச்சியையும் தனித்தனியாக வையுங்கள். மறுநாள் காலை சாற்றின் மேல் கொழுப்பு வெள்ளைத் தகடாக உறைந்திருக்கும். விரலால் தூக்கினால் முழுதாக வந்துவிடும். அடியில் இருப்பது கூழ் போல இறுகியிருந்தால் கலங்க வேண்டாம். அது பொறுமைக்கரண்டி சொன்ன ஜெலட்டின், அடுப்பில் வைத்த ஒரு நிமிடத்தில் உருகிவிடும்.