புளோரன்ஸ் குவிமாடத்தை மறுமலர்ச்சிக் கட்டடம் என்று சொல்லலாமா?

செங்கல்சூளை:
பழைய ரோமின் கலையை மீட்டெடுத்த மறுமலர்ச்சிக் கட்டடக்கலை என்றதும் எல்லோரும் இத்தாலியின் புளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்தைத்தான் காட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எட்டுப் பட்டை, கூர்ந்த உச்சி, வெளியே சுவரைத் தாங்கும் முட்டு வளைவுகள் கிடையாது என்பதெல்லாம் 1367-லேயே முடிவான மாதிரியில் உள்ளவை. அதைக் கட்டிய புருனெலெஸ்கி பிறந்ததே 1377-ல். கூர்ந்த வளைவு, மறுமலர்ச்சிக்கு முந்தைய இடைக்காலக் கோதிக் மரபின் சொத்து.

கோட்டோவியன்:
வடிவம் பழையது, சரி. அதை எப்படி எழுப்புவது என்று யாருக்குத் தெரிந்திருந்தது? 1418-ல் போட்டி வைத்ததே அதனால்தானே. சுமார் 45 மீட்டர் அகலத்துக்குத் தரையிலிருந்து சென்ட்ரிங் (கட்டி முடியும்வரை தாங்கும் மரச் சட்டகம்) அடிக்க எவ்வளவு மரம் வேண்டும்! புருனெலெஸ்கி அது இல்லாமலே கட்டினார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகள், அதாவது இரண்டு குவிச்சுவர்கள். படுக்கை வரிசைகளுக்கு நடுவே சில செங்கற்களை நிறுத்திவைத்து மீன்முள் போல அடுக்கினார். அதனால் சாந்து இறுகும் முன்பே வரிசை உள்ளே சரிந்துவிடவில்லை. பீப்பாய்க்குப் பூண் போடுவது போல, இரும்பால் பிணைத்த கல் வளையங்களைச் சுவருக்குள் பதித்தார். 1420-ல் தொடங்கிய வேலை 1436-ல் முடிந்தது.

செங்கல்சூளை:
அபாரமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அதில் ரோம் எங்கே? ரோமின் பழங்காலக் கோயிலான பாந்தியனின் குவிமாடம் கான்கிரீட்டில் வார்த்த ஒற்றை ஓடு, இது செங்கல். பழைமை மறுபடி பிறந்ததைப் பார்க்க வேண்டுமானால், அவரே 1419-ல் தொடங்கிய ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்குப் போங்கள். மெல்லிய தூண்கள், அரைவட்ட வளைவுகள். தூணின் உயரம், தூண்களுக்கு இடையிலான தூரம், தாழ்வாரத்தின் ஆழம் மூன்றும் ஒரே அளவு. அங்கே நின்றால் மனசு அமைதியாகிவிடும்.

பழையசுவடி:
குறுக்கிடுகிறேன். அந்த அரைவட்ட வளைவும் நேராக ரோமிலிருந்து வந்ததாகச் சொல்ல முடியாது. பேராலயத்துக்கு எதிரே உள்ள ஞானஸ்நானக் கட்டடம் இடைக்காலத்தது. அன்றைய புளோரன்ஸ்காரர்களோ அதைப் பழைய ரோமானியக் கோயில் என்றே நம்பினார்கள். அவர்களுக்கு ரோம் தெருமுனையிலேயே இருந்தது.

கோட்டோவியன்:
அருமையான தகவல். அதே கட்டடத்தைத்தான் புருனெலெஸ்கி பலகையில் தீட்டி, பலகையில் ஓட்டை போட்டு, பின்னாலிருந்து அதன் வழியே எதிரே பிடித்த கண்ணாடியில் அந்த ஓவியத்தைப் பார்க்கச் செய்தார். தூரம் கூடக்கூட உருவம் எவ்வளவு சிறுக்கும் என்ற கணக்கு அப்படித்தான் ஓவியர்கள் கைக்கு வந்தது. 1427 வாக்கில் மசாச்சோ தீட்டிய திரித்துவ ஓவியத்தில், தட்டையான சுவர் கட்டம்போட்ட அரைவட்டக் கூரையோடு உள்வாங்கித் தெரிகிறது. கட்டடமும் ஓவியமும் ஒரே கணக்குக்குள் வந்ததைத்தான் நான் மறுமலர்ச்சி என்கிறேன். அந்தக் கணக்கைக் கட்டிய கையும் குவிமாடத்தை எழுப்பிய கையும் ஒன்றுதான்.

செங்கல்சூளை:
கை ஒன்றுதான், ஆனால் வடிவம் வேறு. அதில் நான் மாறவில்லை. குவிமாடத்தின் உச்சியில் சிறு கோபுரம் போல நிற்கும் கல் விளக்குமாடத்தை மட்டும் உங்களுக்கு விட்டுத்தருகிறேன். அதன் வடிவமைப்பு முழுக்க அவருடையது; அவர் 1446-ல் இறந்த பிறகே கட்டி முடித்தார்கள். கீழே வேண்டாம் என்று ஒதுக்கிய கோதிக் முட்டுகள் அங்கே ரோமானியச் சுருள்களாக உருமாறி நிற்கின்றன.